மலையகத்துல இருந்து தீம் பார்க் போறவங்க வீட்டுல இருந்தே பண்ற பிழைங்க

ஸ்கூல் லீவு கிட்ட வந்தாலே ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். தண்ணி விளையாட்டு பார்க்குன்னா ஹங்வெல்ல பக்கம் லெஷர் வேர்ல்ட் போவோமா, பண்டாரகம பேர்ல் பே போவோமா, கொஞ்சம் காசு சேர்த்து வச்சவங்க சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வரைக்கும் கணக்கு போடுவாங்க. கெட்டுப்போற ட்ரிப்ல பாதி, பிளான் போடுற அன்னைக்கே கெட்டுப்போயிருது, அதுதான் இதை எழுதுறேன்.

நம்ம ஆளுங்க முதல்ல பண்றது வேன் பேசுறது. வேன்ல 14 சீட்டுன்னா 14ம் நிரம்பணும், இல்லாட்டி ஹயர் காசு தலைக்கு கூடிரும்னு பக்கத்து லயத்து அக்கா, மச்சானோட தம்பி, முட்டி வலிக்குற அம்மாயி, கைக்குழந்தைன்னு ஆள் சேர்த்துக்கிட்டே போவோம். கடைசில ரைட் ஏறுறது அஞ்சாறு பேர், மத்தவங்க எல்லாம் டிக்கெட்டும் எடுத்துட்டு நாள் பூரா பேக் காவல். வேன் பேசுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல யார் ரைட் ஏறுவா, யார் தண்ணில மட்டும் இறங்குவா, யார் சும்மா உட்காருவான்னு எழுதிப் பாருங்க. சும்மா உட்காருற லிஸ்ட் நீளமா இருந்தா அந்த ட்ரிப்ப ரெண்டா பிரிக்கிறதுதான் நல்லம். அம்மாயிக்கு நுவரெலியாவுலயே கிரகரி வாவில ஒரு போட் சுத்து, விக்டோரியா பார்க்ல ஒரு நடை போதும், அவங்க அதைத்தான் கேப்பாங்க.

அடுத்தது உயரம். நெறய பேர் புள்ளைக்கு வயசு என்னன்னு பாத்துட்டு போவாங்க, ஆனா ரைட் வாசல்ல அளக்குறது உயரத்த. யுனிவர்சல் ஸ்டூடியோஸ்ல ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் ரைடுக்கு 102 சென்டிமீட்டர் வேணும், அதுவும் அந்த உயரத்துல பெரியவங்க கூட இருக்கணும், மம்மி ரைடுக்கு 122, பேட்டில்ஸ்டார் கலக்டிக்காவுக்கு 125. ஒரு மணித்தியாலம் லைன்ல நின்னுட்டு வந்த புள்ள அந்த பலகைக்கு பக்கத்துல குதிகால தூக்கி, கழுத்த நீட்டி நிக்கும், அங்க நிக்குற ஆள் சிரிச்சுக்கிட்டே தோள்ல கை வச்சு கீழ அமத்துவாரு, அவ்வளவுதான், அதுக்கப்புறம் அன்னைக்கு பூரா அழுகை. வீட்டுல கதவு நிலைல சப்பாத்து இல்லாம நிக்க வச்சு டேப்ல அளந்துருங்க, எந்த ரைட் சரி வரும் எது வராதுன்னு புள்ளைக்கிட்ட அன்னைக்கே சொல்லிருங்க. முதல் நாள் தெரிஞ்சா அது சின்ன கோவம், அங்க போய் தெரிஞ்சா பெரிய ரகளை.

தேதி விஷயத்துல நம்ம ரோட்ட யாரும் யோசிக்கிறது இல்ல. டிசம்பர் உந்துவப் போயா பௌர்ணமில இருந்து மே மாசம் வெசாக் பௌர்ணமி வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன், வீக்கெண்ட்ல கினிகத்தேனை ரோட் பூரா யாத்திரை வேனும் பஸ்ஸும்தான். ஏப்ரல்ல நுவரெலியா சீசன் வேற, நீங்க இறங்கி போறப்ப ரோட் லேசா இருக்கும், திரும்பி ஏறுறப்ப கொழும்பே உங்களோட சேர்ந்து ஏறும். சித்திரை வருஷப்பிறப்புக்கு ட்ரைவருங்களும் ஊருக்கு போயிருவாங்க, கெடைக்கிறவரு கேக்குறதுதான் ரேட். மே, ஜூன்ல தென்மேல் பருவமழை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல பக்கம் எல்லாம் கொட்டும், மண்சரிவு எச்சரிக்கை இருக்கான்னு கிளம்புற முதல் நாள் பாத்துட்டு போங்க, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117ல கோல் எடுத்தா சொல்லுவாங்க. மார்ச், ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரத்துல இடி மின்னல் சாதாரணம், மின்னல் வந்தா வெளிய இருக்குற ரைட்ட நிப்பாட்டிருவாங்க, அதனால பெரிய ரைட் எல்லாத்தையும் காலைலயே முடிச்சிருங்க. என்னைக் கேட்டா பெப்ரவரில ஒரு வீக்டே மாதிரி நாள் வேற இல்ல, ஒரு நாள் ஸ்கூல் போகாட்டி வானம் இடிஞ்சு விழாது. ஆனா வீக்டேல ஸ்கூல் ட்ரிப் பஸ் வரிசையா வந்து நிக்கும், அதனால பார்க்குக்கு ஒரு கோல் எடுத்து அன்னைக்கு எத்தனை ஸ்கூல் வருதுன்னு கேட்டுருங்க.

ஹட்டன்ல இருந்து ஹங்வெல்லைக்கு வேன்ல மூணரை, நாலு மணித்தியாலம் புடிக்கும், நுவரெலியான்னா இன்னும் கூட. விடிய 4 மணிக்கு கிளம்புறதுல பிழை இல்ல, கிளம்புறதுக்கு முன்னாடி புள்ளைக்கு வயிறு நிறைய பால் குடுக்குறதுதான் பிழை. கினிகத்தேனை வளைவு வாறதுக்குள்ள முன் சீட்ல இருந்து பின் சீட் வரைக்கும் வாந்தி எடுக்க சிலிசிலி பேக் (பொலித்தீன் பை) கை மாறும். ரெண்டு பிஸ்கட்டும் பிளேன்டியும் போதும், ரொட்டி சம்பல் எல்லாம் அவிசாவளைல இறங்கி சாப்பிடலாம். வாந்தி மாத்திரை குடுக்குறதா இருந்தா புள்ளையோட வயசையும் நிறையையும் சொல்லி ஃபாமசில கேட்டு எடுங்க, பெரியவங்க மாத்திரைய ஒடச்சு குடுக்காதீங்க. ட்ரைவரையும் யோசிங்க, நீங்க தண்ணில ஆடுற நேரம் அவரு வெயில்ல வேனுக்குள்ள கெடந்தா ராத்திரி மூடுபனிக்குள்ள யாரு கண்ண முழிச்சு ஓட்டுறது? அவருக்கு சாப்பாட்டு காசும் படுக்க ஒரு நிழலும் ஹயர் பேசுறப்பவே சொல்லிருங்க.

உடுப்பு பெரிய தலையிடி. தண்ணில இறங்க நைலோன், லைக்ரா மாதிரி நீச்சல் உடுப்புதான் விடுவாங்க, ஜீன்ஸ், கொட்டன் டீசர்ட்டோட போனா பூல் வாசல்லயே திருப்பிருவாங்க, அப்புறம் உள்ள இருக்குற கடைல ரெண்டு மடங்கு குடுத்து வாங்கணும். டவுன்லயே வாங்கி வச்சுக்கங்க. இன்னொண்ணு, நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்துல இருக்கு, நம்ம புள்ளைங்க ஸ்வெட்டர் போட்டு வளந்ததுங்க, அங்க கீழ 30 டிகிரிக்கு மேல வெயிலும் வேர்வையும். தண்ணிக்குள்ள இருக்குறதால தாகமே தெரியாது, பின்னேரம் தலவலி, காய்ச்சல்னு படுத்துரும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவ கூப்புட்டு தண்ணி குடுங்க, தண்ணில கரைச்சு குடிக்குற ஜீவனி உப்புத்தூள் பாக்கெட் ரெண்டும் பேக்ல கிடக்கட்டும். சோத்து பார்சல் உள்ள விடுவாங்களான்னும் பார்க்குக்கு எடுக்குற அந்த கோல்லயே கேட்டுருங்க.

சிங்கப்பூர் போறவங்களுக்கு பாஸ்போட்தான் முதல்ல. சின்ன புள்ளைங்களோடது பெரியவங்களோடது மாதிரி 10 வருஷம் இல்ல, பொதுவா 3 வருஷம்தான், ஆறு மாசத்துக்கு மேல தவணை இருக்கணும், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி எடுத்து பாருங்க. புதுசா எடுக்க பத்தரமுல்லைக்கே ஓட வேணாம், கண்டிலயும் ஒபிஸ் இருக்கு. நமக்கு விசா தேவையில்ல, ஆனா எஸ்ஜி அரைவல் கார்ட்ன்னு ஒண்ண போய் சேர்றதுக்கு 3 நாளைக்குள்ள ஒன்லைன்ல நிரப்பணும், அது ஃப்ரீ, காசு கேக்குற வெப்சைட்டா இருந்தா மூடிருங்க.

அப்புறம் எல்லாரும் செய்றது, நடுராத்திரி ஃப்ளைட்ல ஏறி விடிய இறங்கி நேரா பார்க். மலைல இருந்து கட்டுநாயக்க ஏர்போட்டுக்கே அஞ்சாறு மணித்தியாலம் வேன்ல குலுங்கி வந்த புள்ள, ஃப்ளைட்லயும் சரியா தூங்கியிருக்காது, அங்க நேரமும் நம்மள விட ரெண்டரை மணித்தியாலம் முன்னாடி. அந்த நிலமைல எவ்வளவு குடுத்து லைன்ல நிக்காம போற எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கினாலும் புள்ள ஸ்ட்ரோலர்லதான் தூங்கும். முதல் நாள் ரூம்ல தூங்க விட்டு, பின்னேரம் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு தோசைய சாப்ட்டுட்டு வாங்க. டிக்கெட்ட அடுத்த நாளுக்கு போடுங்க.