பாதி பில்லில் விட்ட இடம்

கல்முனையில் ஒரு சில்லறைக்கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதப் போகிறீர்களா? முதலில் இரண்டு நாள் கெஷியருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பாருங்கள். பதினொரு சாமான் அடித்து முடிய ஒரு ராத்தா "பொறுங்க தம்பி, சீனி மறந்திட்டன்" என்று உள்ளே போவார், பின்னால் நிற்பவர் ரீலோட் கேட்பார், அந்த நேரம் பார்த்து போன் அடிக்கும். ஒரு பில் முடியாமல் அடுத்த பில் இல்லை என்று உங்கள் திரை அடம்பிடித்தால், வரிசை அப்படியே நின்றுவிடும்.

அதனால் பில்லை நிறுத்தி வைக்க ஒரே ஒரு கீ போதும். "சேமிக்கவா?" என்று கேட்கவே கூடாது, ஒவ்வொரு வரியும் அடித்தவுடன் தானாகப் பதிய வேண்டும், கரண்ட் போய் வந்தாலும் அந்தப் பாதி பில் அப்படியே இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். நான் முதலில் 'பில் 1, பில் 2' என்றுதான் வைத்தேன், பிழை. எது யாருடையது என்று கெஷியர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு 'பருப்பு, பால்மா, 11 சாமான், 4:20' என்று மாற்றினேன், பார்த்தவுடன் ஆள் ஞாபகம் வந்துவிடுகிறது. நிறுத்திய பில்கள் இடம் மாறவும் கூடாது. கம்பியூட்டரில் ஜன்னல் விட்டு ஜன்னல் மாறத் தட்டும் ஆல்ட்-டேப் கடைசியாகத் தொட்டதை முன்னுக்குக் கொண்டுவரும். இரண்டு வேலைக்கு அது நல்லது, நாலு பில் நிற்கும்போது கை தடுமாறும்.

திரும்பி வரும்போது கேர்சர் விட்ட வரியிலேயே நிற்கட்டும், கடைசியாக அடித்த சாமான் நிறத்தில் தெரியட்டும். உளவியல் ஆய்வாளர்கள் ரொஜர்ஸும் மொன்செலும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், வேலை மாறப்போவது முன்பே தெரிந்து, ஆயத்தமாக நேரம் கிடைத்தாலும் மாறிய உடனே செய்வது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. பழகினால் சரியாகிவிடும் என்று கெஷியர் தலையில் கட்டாதீர்கள்.

இரவுக் கணக்குக்கு வேறு வழி. 1986இல் ஜெரொக்ஸ் கம்பனியின் 'பார்க்' (PARC) ஆய்வுகூடத்தில் ஹென்டர்சனும் கார்டும் செய்த 'ரூம்ஸ்' என்ற மென்பொருள் போல, ஒரு வேலைக்குரிய ஜன்னல்களை ஒன்றாகக் கட்டி வையுங்கள்: சப்ளையர் பில், ஸ்டொக் பட்டியல், கல்குலேட்டர் மூன்றும் சேர்ந்தே திறக்கட்டும், சேர்ந்தே மூடட்டும்.

ஸ்டொக் குறைகிறது என்ற அறிவிப்பை பில் பிரிண்ட் ஆன பிறகு காட்டினால் போதும்.

சோதிக்கும்போது வேண்டுமென்றே குழப்புங்கள். பாதியில் ரீலோட் கேளுங்கள், போன் எடுங்கள். கெஷியர் பழைய பில்லுக்குத் திரும்பியதிலிருந்து முதல் சரியான கீயைத் தட்டும் வரை எத்தனை செக்கன் என்று எழுதி வையுங்கள், அடுத்த மாற்றத்துக்குப் பிறகும் அதையே அளந்து பாருங்கள்.