பியாஃப்ரா நாவல்களைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நைஜீரிய நாவல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது ‘பழங்குடி’ என்ற சொல்லில்தான். நைஜீரியாவின் தென்கிழக்கே இக்போ, தென்மேற்கே யொரூபா, வடக்கே ஹௌசா மக்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். யொரூபா மொழியில் 1859-லேயே செய்தித்தாள் வந்துவிட்டது. இவர்களைப் பழங்குடி என்று சொன்னால், இக்போக்கள் அதிகம் வாழும் தென்கிழக்குப் பகுதி ‘பியாஃப்ரா’ என்ற தனிநாடாகப் பிரிந்ததால் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போர் ஏதோ குலச்சண்டை போலத் தெரியும். தயவுசெய்து ‘இனம்’ என்றே எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. நாடு வெள்ளைக்காரன் உண்டாக்கியது, இனம் மட்டும் ஆதியிலிருந்தே அப்படியே இருக்கிறது என்று நம்பிவிடுவது. வடக்கையும் தெற்கையும் 1914-இல் ஒட்டவைத்தது பிரிட்டிஷ் ஆட்சிதான், சரி. ஆனால் சினுவா அச்செபேயின் முதல் நாவலான ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’டில் (1958) பாதிரியாரின் மொழிபெயர்ப்பாளரைப் பாருங்கள். அவரும் இக்போதான். ஆனாலும் அவருடைய வட்டார வழக்கு வேறு என்பதால், அவர் ‘நானே’ என்று சொல்வது அந்த ஊர்க்காரர்கள் காதில் ‘என் பிட்டம்’ என்று விழுகிறது, கூட்டம் சிரிக்கிறது. ‘நாம் எல்லோரும் இக்போ’ என்ற நினைப்பு இன்னும் கெட்டிப்படாத காலம் அது.

சிமமாண்டா அடிச்சியின் ‘ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்’ (2006) நாவலில் இதே விஷயம் வாக்குவாதமாகவே வருகிறது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நான் இக்போ என்கிறார் பல்கலைக்கழக ஆசிரியர் ஒடெனிக்போ. இக்போக்கள் எல்லோரும் ஒன்று என்ற எண்ணமே வெள்ளையர் ஆதிக்கத்தால் வந்தது என்று மடக்குகிறார் நண்பர் எசேக்கா. பலரும் முதல் பேச்சை மட்டும் எடுத்துப்போட்டு, அதுதான் அடிச்சியின் கருத்து என்று எழுதுகிறார்கள். எசேக்காவைப் பேசவைத்ததும் அடிச்சிதானே? வடக்கே கானோவில் இக்போக்களை வெட்டிச் சாய்க்கும் நாளில், ஒடெனிக்போவின் காதலி ஒலன்னாவின் தலையில் முக்காடு போடச் சொல்லிக் காரில் ஏற்றிக் காப்பாற்றும் முகமது வடக்கத்தி முஸ்லிம். அவனை மறந்துவிட்டு ‘ஹௌசா எதிர் இக்போ’ என்று கதையைச் சுருக்காதீர்கள்.

அப்புறம், இக்போ எழுத்தாளர்களோடு நிறுத்திவிடக் கூடாது. பியாஃப்ராவுக்குள் இஜோ, இபிபியோ, ஒகோனி மக்களும் இருந்தார்கள். ஒகோனி இனத்தவரான கென் சாரோ-விவா அந்தப் போரில் நைஜீரிய அரசின் பக்கம் நின்றவர். அவருடைய ‘சோசாபாய்’ (1985) நாவலில், மேனே என்ற இளைஞன் சீருடை ஆசையில் பட்டாளத்தில் சேர்கிறான். யாரோடு, எதற்காகச் சண்டை என்பதே அவனுக்கு விளங்கவில்லை. பிறகு எதிர்ப்பக்கத்துக்கு வண்டி ஓட்டுகிறான். கடைசியில் அம்மாவையும் மனைவியையும் தேடி ஊர் திரும்புகிறான். குண்டு விழுந்து இருவரும் செத்துப்போயிருக்கிறார்கள். ஊர்க்காரர்களோ அவனையே பேய் என்று பயப்படுகிறார்கள்.