டெல்டாவில் கடுங்கார மிளகாய்: வயல் பழக்கமும் ஊறுகாய்ப் பழக்கமும் செய்யும் கெடுதல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பலர் இப்போது பூத் ஜோலோக்கியா, ஹாபனேரோ, கரோலினா ரீப்பர் என்று விதை தேடிப் பிடித்து வளர்க்கிறார்கள். ஆசையோடு வைத்த செடி ஐப்பசி மழையில் வேரழுகிப் போகிறது. தப்பியது சித்திரை வெயிலில் பூவைக் கொட்டுகிறது. அதையும் தாண்டிக் காய்த்ததை அரைத்து வைத்தால் சாஸில் பூஞ்சை பூக்கிறது. நமக்கு நெல் தெரியும், ஊறுகாய் தெரியும். அந்த இரண்டு கைப்பழக்கத்தையும் அப்படியே இந்த மிளகாயிடம் காட்டுவதால் வருகிற தவறுகளே இவற்றில் அதிகம்.

முதலில் இது என்ன செடி என்று பார்ப்போம். நம் சம்பா மிளகாயும் ராமநாதபுரம் குண்டு மிளகாயும் கேப்சிகம் அன்னூம் என்ற இனம். மேலே சொன்னவை கேப்சிகம் சைனென்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. காரத்தை ஸ்கோவில் என்ற அலகால் அளக்கிறார்கள். குண்டூர் சன்னம் மிளகாய் சுமார் 35,000 முதல் 40,000 ஸ்கோவில் அலகு காரம் கொண்டது. 2007-ல் கின்னஸ் பதிவில் ஏறிய பூத் ஜோலோக்கியா பத்து லட்சத்தைத் தாண்டியது. 2017-ல் கரோலினா ரீப்பரின் சராசரி 16,41,183. 2023-ல் பெப்பர் எக்ஸ் என்ற வகை 26,93,000. காரம் ஏற ஏறப் பொறுமையும் கூடவே வேண்டியிருக்கிறது. நம் மிளகாய் விதை பத்து நாளுக்குள் தலைகாட்டிவிடும். இவை இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். பத்தாம் நாளே விதை செத்துவிட்டது என்று தட்டைக் கவிழ்ப்பது பரவலான தவறு. முளைக்கவில்லையே என்று நீரை ஊற்றிக்கொண்டே இருப்பது அதைவிடப் பெரிய தவறு. நாற்றழுகல் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது பட்டம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நமக்கு ஊறிப்போன சொல். ஆடியில் விதைத்தால் புரட்டாசியில் நட்டு, வேர் பிடிக்கும் முன்பே அடைமழையில் மாட்டிக்கொள்ளும். சரி, பொங்கல் கழித்துப் போடலாம் என்று தையில் விதைத்தால், பூவெடுக்கும் நேரம் அக்கினி நட்சத்திரம். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் மிளகாய்ப் பூ காம்போடு உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்து அப்போது யூரியா போடுகிறவர்கள் இருக்கிறார்கள், இலைதான் செழிக்கும். என் கணக்கில் டெல்டாவுக்கு ஏற்றது இது: ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ கூரை நிழலில் விதைத்து, மழை முழுவதும் சிறு தொட்டியில் நாற்றை வைத்துப் பாதுகாத்து, கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றுவது. மார்கழி, தை மாதக் குளிர்ந்த இரவுகளில் செடி தேறி, மாசியில் பூத்து, பங்குனி, சித்திரையில் பழுக்கும்.

மண் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வயல் மண் செழிப்பானது என்ற நம்பிக்கையில் அந்தக் களியைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டுகிறார்கள். நனைந்தால் சேறு, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. நெல் தண்ணீரில் நிற்கும். மிளகாய் வேருக்குக் காற்று வேண்டும். ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் தேங்கினாலே செடி வாடத் தொடங்கும். வாடுகிறதே என்று பார்ப்பவர் மேலும் ஊற்றுவார், கதை முடிந்தது. செம்மண்ணோ கொள்ளிடப் படுகையின் மணல் கலந்த வண்டலோ ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, உப்பு போக அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்தால் போதும். தொட்டி 15 லிட்டருக்குக் குறையக் கூடாது, அடியில் துளை அடைபடக் கூடாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். நிலத்தில் வைப்பவர்கள் மேட்டுப்பாத்தி போட்டே ஆக வேண்டும். வேதாரண்யம், நாகைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் கரித்தால், மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். மிளகாய்க்கு உப்பு நீர் ஆகாது.

இலை சுருண்டால் உடனே கையில் கிடைத்த மருந்தை அடிக்காதீர்கள். இலை மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் முரணைச் சிலந்தி என்ற நுண்ணிய சாறு உறிஞ்சி. முன்னதற்கு வேப்பெண்ணெய்க் கரைசல், பின்னதற்கு நனையும் கந்தகம். இரண்டையும் ஒரே வாரத்தில் அடித்தால் இலை கருகும். மாலையில் அடிப்பது நல்லது.

முதல் வெள்ளாமை முடிந்ததும் செடியைப் பிடுங்கிவிடுவதும் நெல் பழக்கம்தான். மிளகாய் பல ஆண்டு வாழும் செடி. கோடை கழிந்து கவாத்து செய்து உரம் வைத்தால் மறுபடி தழைக்கும். விதை எடுப்பதாக இருந்தால் பூவைத் துணிப்பையால் மூடி வையுங்கள். பக்கத்துத் தொட்டிச் சம்பாவோடு கலந்தால் இந்த வருடக் காய் மாறாது, அடுத்த தலைமுறை மாறும்.

இனி அடுப்படி. காரம் விதையில் இருக்கிறது என்று விதையை மட்டும் தட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பழுத்த ரீப்பர் ஒன்றை நீளவாக்கில் பிளந்து வெளிச்சத்தில் பாருங்கள். விதை ஒட்டியிருக்கும் வெளிர்நிற நரம்பிலும் உட்சுவரிலும் மஞ்சள் எண்ணெய் துளித்துளியாக மினுங்கும். அந்த எண்ணெயில் இருக்கும் கேப்சைசின்தான் காரம். அது தண்ணீரில் கரையாது. ஆகவே நைட்ரைல் கையுறை போடுங்கள். பட்டுவிட்டால் முதலில் நல்லெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. வாய் எரிந்தால் தயிர் அல்லது பால். மோர்மிளகாய் போல உலர்த்தி எண்ணெயில் பொரிக்க நினைக்கவே வேண்டாம்; வீடு முழுக்க இருமும். பந்தயம் கட்டி முழுப்பழம் தின்னச் சொல்வதும் வேண்டாம். ரீப்பர் தின்ற ஒருவருக்கு மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கித் தாங்கமுடியாத தலைவலி வந்ததை 2018-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது.

சாஸை நொதிக்க வைப்பதில்தான் ஊறுகாய்க் கை குறுக்கே வரும். ஊறுகாய்க்குக் கல்லுப்பைக் கண்ணளவில் அள்ளிப் போடுவோம், வெயிலில் வைப்போம், மேலே எண்ணெய் மிதக்கவிடுவோம். இங்கே மூன்றும் தவறு. உப்பு அதிகமானால் புளிப்பை உண்டாக்கும் பாக்டீரியா வேலை செய்யாது. குறைந்தால் கெடுக்கும் கிருமி முந்திக்கொள்ளும். அரைத்த விழுது ஒரு கிலோ என்றால் உப்பு 25 முதல் 30 கிராம், தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு கரண்டிக் கல்லுப்பும் ஒரு கரண்டித் தூளுப்பும் ஒரே எடை கிடையாது. ஜாடி கண்ணாடியோ பீங்கானோ ஆகட்டும். அலுமினியம், பித்தளை கூடாது. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், வெயில் படாத மூலையில் வைத்து, தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். இறுக மூடிய பாட்டில் வெடிக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஏழெட்டு நாளிலேயே புளிப்பு ஏறிவிடும். குளிர்நாட்டுக்காரர் சொல்லும் மாதக் கணக்கு நமக்குப் பொருந்தாது. மேலே தட்டையான வெள்ளைப் படலம் வந்தால் வழித்துவிடலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல் முளைத்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மேலாக எடுத்துவிட்டு வைத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணெய் பற்றி மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். பச்சை மிளகாயும் பூண்டும் புளிப்பில்லாமல் எண்ணெய்க்கு அடியில் காற்றின்றிக் கிடந்தால், போட்டுலிசம் என்ற உயிராபத்தான உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைக்கும். அந்த நஞ்சுக்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே போக வேண்டும்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். வீட்டில் செய்பவர்கள் 4-க்குக் கீழே வைத்துக்கொள்வதே சரி. சிவந்த சாஸில் காகிதப் பட்டையின் நிறம் புலப்படாது, சின்ன டிஜிட்டல் மீட்டர் வாங்கிவிடுங்கள். எண் குறையவில்லை என்றால் வினிகர் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள்.

மாம்பழம், கருப்பட்டி சேர்க்க ஆசைப்பட்டால், சேர்த்தபின் ஜன்னலைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்ட பிறகே பாட்டிலில் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி பொங்கும். அரைத்ததும் மிக்ஸி மூடியைத் திறந்து முகத்தை நீட்டாமல் சற்று நேரம் விடுங்கள். ஜாரின் ரப்பர் வாஷரில் காரம் தங்கிவிடும், மறுநாள் தேங்காய்ச் சட்னியில் அது தெரியும். இதற்கென ஒரு வாஷர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் தேதியும் மிளகாயின் பெயரும் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத மேல்தட்டில், குளிர்பெட்டியில் வையுங்கள்.