ஆபீஸைப் பூட்டிய பிறகும் ஓடும் கரண்ட்டை நிறுத்துவது எப்படி?

காலை 9:30 முதல் மாலை 6:30 வரை, மாதம் 25 நாள் நடக்கும் ஆபீஸில் வேலை நேரம் 225 மணி. மாதத்துக்கு 720 மணி நேரம். ஆக, 495 மணி நேரம் உள்ளே ஆளே கிடையாது. கொஞ்சம் பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும், மானிட்டர் 20 வாட். இப்படி பத்து சிஸ்டத்தை அணைக்காமல் விட்டால், ஆளில்லாத நேரத்தில் மட்டும் மாதம் 396 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தாலும், இரண்டு மாத பில்லில் கிட்டத்தட்ட 8,000 ரூபாய் யாருக்கும் பயன்படாமல் போகிறது. பகலில் லைட்டை அணைத்து அணைத்து மிச்சம் பிடிப்பதைவிட இங்கே கை வைப்பதுதான் முக்கியம்.

முதலில் அளந்து பாருங்கள். இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், மின்வாரிய மீட்டரே போதும். அதன் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டுவிட்டுத் துடிக்கும். பக்கத்திலேயே 3200, 1600 போல ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை துடிப்பு என்று பொருள். எல்லோரும் கிளம்பிய பிறகு, எப்போதும் போலப் பூட்டிவிட்டு, 6 நிமிடம் துடிப்பை எண்ணுங்கள். வந்ததைப் பத்தால் பெருக்கி, 3200 மீட்டர் என்றால் 3.2-ஆல், 1600 மீட்டர் என்றால் 1.6-ஆல் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 3200 மீட்டரில் 6 நிமிடத்துக்கு 32 துடிப்பு என்றால் 100 வாட். ரூட்டர், சிசிடிவி ரெக்கார்டர், கைரேகை மெஷின் மூன்றும் இரவில் ஓடத்தான் வேண்டும். அவற்றுக்கு மட்டும் 30 முதல் 50 வாட் போகும். அதற்கு மேல் வருவதைத்தான் தேட வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் சேவர் வைத்தால் மிச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். படம் ஓடினாலும் கறுப்பாகத் தெரிந்தாலும் மானிட்டரின் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஸ்கிரீன் சேவரை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய், திரை அணைய 5 நிமிடம், ஸ்லீப்புக்கு 15 நிமிடம் வையுங்கள். ஸ்லீப்பில் ஒரு சிஸ்டம் இழுப்பது 1 முதல் 3 வாட்தான்.

வைத்த பிறகும் சில சிஸ்டம் தூங்காது, அல்லது தூங்கிய கொஞ்ச நேரத்தில் எழுந்துகொள்ளும். பெரும்பாலும் மவுஸோ நெட்வொர்க் கார்டோதான் காரணம். மேஜை லேசாக அதிர்ந்தாலே மவுஸ் எழுப்பிவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். கீபோர்டுக்கு மட்டும் விட்டுவைத்தால் போதும்.

ஸ்லீப்பில் ஓர் ஆபத்து உண்டு. யூபிஎஸ் தாங்காத அளவுக்கு மின்தடை நீண்டால், சேமிக்காத வேலை போய்விடும். அதனால் மாலையில் கிளம்பும்போது ஷட் டவுன் அல்லது ஹைபர்னேட்தான் சரி. ஹைபர்னேட், திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுக்க அணைந்துவிடும். மெனுவில் அது தெரியவில்லை என்றால், கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் டிக் செய்யலாம். காலையில் ஆன் ஆக நேரமாகிறது என்றுதான் பலர் அணைக்காமலே போகிறார்கள். அந்த சிஸ்டத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டால் அந்தச் சாக்குக்கே இடமிருக்காது.

டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா இருக்கும் சிஸ்டத்துக்கு மட்டும் ஸ்லீப் செட்டிங் வேறு. அது தூங்கினால் மற்றவர்கள் திரையில் கம்பெனி திறக்காமல் எரர் வரும். அதில் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வைத்து, திரையை மட்டும் அணைய விடுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க ஏதாவது ஒன்று ஓடித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த ஒன்று மட்டும் ஓடட்டும்.

யூபிஎஸ்ஸில் அடிக்கடி நடக்கும் தவறு, சுவர் சுவிட்சை மட்டும் தட்டிவிட்டுப் போவது. அப்போது யூபிஎஸ் பேட்டரியில் ஓடி, முழுக்க வடிந்த பிறகே அணையும். வாரக்கணக்கில் இப்படியே நடந்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும். முதலில் ஷட் டவுன், அடுத்து யூபிஎஸ் பட்டன், கடைசியில் சுவர் சுவிட்ச். அன்று பகலில் நீண்ட மின்தடை இருந்திருந்தால் சுவர் சுவிட்சை மட்டும் இரவு ஆனிலேயே விடுங்கள். பேட்டரி ஏற சில மணி நேரம் வேண்டும்.

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. உள்ளே டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் 200 டிகிரியை ஒட்டிச் சூடேற வேண்டும். அந்த நேரத்தில் இழுக்கும் கரண்ட்டில் 600 விஏ யூபிஎஸ் ஓவர்லோடாகி, கூடவே மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிடும். ஸ்லீப் நேரத்தை 5 நிமிடத்துக்குள் வைத்து, பிரிண்ட்களைச் சேர்த்து ஒரே தடவையில் எடுங்கள். இங்க் டேங்க் பிரிண்டரில் கவனிக்க வேண்டியது வேறு. அதன் சொந்தப் பட்டனில்தான் அணைக்க வேண்டும். சுவரில் பிடுங்கினால் ஹெட் மூடப்படாமல் நின்று காயும், அப்புறம் கிளீனிங்கிலேயே இங்க் போகும்.

சுடுதண்ணீர் டிஸ்பென்சரை மறக்காதீர்கள். குடிக்க ஆளில்லாவிட்டாலும் இரவு முழுவதும் தண்ணீர் ஆற ஆறச் சூடேற்றிக்கொண்டே இருக்கும். பின்னால் இருக்கும் சிவப்பு சுவிட்ச்தான் ஹீட்டருக்கு. போகும்போது அதை அணையுங்கள்.

புது சிஸ்டம் வாங்கும்போது 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) என்றால் எப்போதும் 450 வாட் இழுக்கும் என்று பயப்பட வேண்டாம். அது கொடுக்கக்கூடிய உச்ச அளவுதான். உள்ளே தேவைப்படுவதும், எஸ்எம்பிஎஸ்ஸில் சூடாகி வீணாவதும் சேர்த்துத்தான் சுவரிலிருந்து வரும். அப்படி வீணாவதைக் குறைக்க 80 பிளஸ் முத்திரை உள்ளதைக் கேளுங்கள். ஏசி அறை என்றால் இதில் இரட்டை லாபம், ஏனென்றால் சிஸ்டம் இழுக்கும் கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசியும் கரண்ட் எடுக்கிறது.