வேன் வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள்

மட்டக்களப்புக்குப் போய், சின்ன வயதில் திரிந்த மாதிரி பஸ்ஸிலும், 'பாதை' என்று நாங்கள் சொல்லும் வாவி கடக்கும் மிதவையிலும் ஊரைச் சுற்றிவிட்டு, அப்படியே பதுளைக்கு ஏறி மலை ரயிலும் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறீர்களா? நல்ல எண்ணம். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் ஊரில் இருக்கும் மூத்த சொந்தக்காரருக்குப் போன் போட்டு, வேன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் எடுபடாது. அதற்குள் யாரோ ஒருவரின் மருமகனுடைய வேனைப் பேசி, முற்பணமும் கொடுத்து, யார் எந்த சீட்டில் என்பதுகூட முடிவாகியிருக்கும்.

எங்கள் வீட்டில் அந்த மூத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. "பஸ்ஸில போறதா? சுவிஸில இருந்து வந்த புள்ளய பஸ்ஸில ஏத்தி விட்டிருக்கான் எண்டு ஊருக்குள்ள என்னையத்தானே கதைப்பாங்க" என்றார். நமக்கு ஆசையாக இருப்பது அவருக்கு மானக்கேடு. இதற்கு நீங்கள் நல்ல பதில் ஒன்று கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கே வேன் வந்துவிடும். அதைத் தடுக்க முடிந்தால் கொழும்பு கோட்டையில் மட்டக்களப்பு ரயில் ஏறுங்கள். நேரம் கூடத்தான் எடுக்கும், ஆனால் மன்னம்பிட்டியில் மகாவலியைத் தாண்டும் இரும்புப் பாலம் ஒன்றுக்காகவே ஏறலாம். பிரித்தானியர் காலத்தில் கட்டிய அந்தப் பாலத்தில் 2007 வரைக்கும் ரயிலும் வாகனங்களும் ஒரே வழியில்தான் போய்வந்தன. ரயில் வரும்போது பஸ்ஸெல்லாம் கரையில் காத்துக்கிடந்தது எங்கள் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். ஹபரணைப் பக்கம் ரயில் ஊர்ந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். 2025 பெப்ரவரியில் அந்தப் பகுதியில் இதே வழியில் ஓடும் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன.

ஊருக்குள் கல்முனைப் பஸ்தான் உங்கள் வாகனம். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்புப் பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் மாறி மாறி ஓடும். தனியாரில் பாட்டு அதிகம், சிவப்பில் காற்று அதிகம். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், இடையிடையே வாவி தெரியும். கல்லடிப் பாலம் தாண்டும்போது பக்கத்தில் பழைய இரும்புப் பாலத்தைப் பார்க்கலாம். 1920களில் கட்டியது. ஒரு பக்கத்து வாகனம் போகும்வரை மறுபக்கம் நிற்க வேண்டியிருந்தது. புதுப் பாலம் 2013இல்தான் திறந்தார்கள். வாவிக்குள்ளிருந்து வரும் 'பாடும் மீன்' சத்தத்தைக் கேட்க வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால், பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மேல்நுனியில் காதை வைத்துக் கேளுங்கள். பாலத்தில் நின்றால் கேட்பது மோட்டார் சைக்கிள்தான்.

காத்தான்குடி, ஆரையம்பதி, செட்டிபாளையம், வெற்றிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன களுதாவளை என்று பஸ் போகும். களுவாஞ்சிக்குடியில் இறங்கி ஓட்டோ பிடித்தால் குறுமண்வெளித் துறை. அங்கிருந்து வாவியைக் கடந்து மண்டூருக்குப் பாதை ஓடுகிறது. வாவி சுமார் 56 கிலோமீட்டர் நீளம். கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் வயலும் குளமுமாகப் படுவான்கரை. இந்த இரண்டு கரைக்கும் நடுவில் சனம் எப்படிப் போய்வருகிறது என்பதைக் குளிரூட்டி போட்டு, கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் இருந்து பார்க்க முடியாது.

நாங்கள் முதல் தடவை துறைக்குப் புறப்பட்டது வேனில்தான்.

காலை ஆறு மணிக்கு வாசலில் ஹோர்ன். கதவைத் திறந்தால் உள்ளே ஏற்கனவே ஆள். மாமி, மாமியின் தங்கை, அவவின் பேரப்பிள்ளைகள், முன் சீட்டில் நான் முன்பின் பார்த்திராத ஒரு மனிதர், பின்னால் சோற்றுப் பார்சல்கள். என் மகளுக்கு ஜன்னல் சீட் இல்லை. ஆரையம்பதியில் ஒரு வீட்டில் தேத்தண்ணி. செட்டிபாளையத்தில் இன்னொரு வீட்டில் சோடாவும் பிஸ்கட்டும். "எட்டிப் பாத்திட்டுப் போவம், இல்லாட்டிக் கோவிப்பாங்க." எல்லா வீட்டிலும் அதே கேள்விகள்: அங்கே குளிரா, சம்பளம் எவ்வளவு, எப்போது ஒரேயடியாக ஊருக்கு வரப்போகிறாய். கடைசிக் கேள்விக்கு எல்லோரும் சிரிப்பார்கள், கேட்டவரும் சேர்ந்து.

இனித் துறைதான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்த நேரம், வேன் பெரிய ரோட்டை விட்டு ஒரு ஒழுங்கைக்குள் கிறுகியது. நின்ற இடம் ஒரு சட்டத்தரணியின் வீடு. "ஒரு சின்னக் கையெழுத்து புள்ள. அஞ்சு நிமிசம்."

அம்மாவின் வீட்டைப் பற்றிய விசயம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மாவுக்கு நான் ஒருத்தி, ஆகவே அது என் பெயரில் நின்றது. அதை மாமா தன் மகளுக்கு எழுதித் தரச் சொன்னார். கேட்டது அநியாயம் என்று சொல்லமாட்டேன். சுனாமிக்குப் பிறகு கூரை போட்டவர் அவர். வெள்ளம் வரும்போதெல்லாம் கிணறு இறைத்தவர் அவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெளி வாங்கில் படுத்தவரும் அவர். நான் போனில் வந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது கையெழுத்துக்காக அல்ல, அதைப் பாதைக்குப் போகிற வழியில் ஒளித்து வைத்ததற்காக.

சட்டத்தரணி கோர்ட்டில் இருந்தார். மத்தியானம் ஆகும் என்றார்கள். விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள், நாடா கட்டிய கோப்புகள், போன வருசத்துக் கலண்டர். சோற்றுப் பார்சல்களை அங்கேயே பிரித்தோம். அவர் வந்து என் கடதாசிகளைப் பார்த்தார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், சுவிஸ் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரும் கணவரின் பெயரும் முன்பின்னாக மாறி வேறொரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னால் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார். சமாதான நீதவானைத் தேடிப் போனால் அவர் ஒரு மரணவீட்டில். மரணவீட்டுக்குப் போனால் உடனே கடதாசியை நீட்ட முடியுமா? உட்கார்ந்தோம், தேத்தண்ணி குடித்தோம், செத்தவர் எங்களுக்கு என்ன முறை என்று மாமி கண்டுபிடித்தா. ஒருவழியாக முத்திரை குத்தித் திரும்பி வந்தால் அடுத்த கேள்வி: சாட்சிகள் எங்கே? காணி உறுதி முடிக்க நொத்தாரிசுக்கு முன்னால் இரண்டு சாட்சிகள் வேண்டும். முன் சீட்டில் இருந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். அவர் எதற்கு வந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. மற்றச் சாட்சி வேன்காரர்.

துறைக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. பாதை ஓட்டம் முடிந்திருந்தது. "நாளைக்கு வருவம் புள்ள, பாதை எங்க ஓடப்போகுது" என்றார் மாமா, நல்ல சந்தோசத்தோடு.

ஆகவே ஊரில் காணி, வீடு உள்ளவர்கள் கவனியுங்கள். கேட்கத்தான் போகிறார்கள், கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கிறது. புறப்படுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். அதைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்தால் ஊரில் இருப்பவரே உங்களுக்காகக் கையெழுத்து வைப்பார். பெயர் மாறியிருந்தால் சத்தியக்கடதாசியை முதலே தயாராக வைத்திருங்கள். இன்னொன்று: கொடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறித் திரும்ப வாங்குவது லேசில்லை. இரட்டைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பிரசைக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் அந்தச் சட்டத்தரணி. சொன்னது கையெழுத்து வைத்த பிறகு.

பிறகு ஒரு நாள், மாமா சந்தைக்குப் போன நேரம் பார்த்து நானும் மகளும் பஸ் ஏறினோம். பாதை என்பது மிதவைகளுக்கு மேல் தட்டுப் போட்டு, பக்கத்தில் கம்பி கட்டி, எஞ்சினால் ஓட்டுவது. மோட்டார் சைக்கிள்கள் ஹாண்டிலோடு ஹாண்டில் முட்ட ஏறி நின்றன. ஆட்கள் அவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில். அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரீச்சர் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, சைக்கிள் சீட்டில் கொப்பிகளை அடுக்கிச் சிவப்புப் பேனையால் திருத்திக்கொண்டு வந்தார். கரை தட்டும்போது கடைசிக் கொப்பியையும் மூடிவிட்டார், அவ்வளவு கணக்கு.

மகள் தண்ணீரை வீடியோ எடுத்தாள். பக்கத்தில் நின்றவர், "இதில படம் எடுக்க என்ன கிடக்கு? பாலம் ஒண்டு போட்டுத் தரச் சொல்லுங்க" என்றார். இராத்திரியில் நோய் வருத்தம் வந்தால் சுற்றித்தான் போக வேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனத்துக்கு 2014இல் மண்முனைப் பாலம் கிடைத்தது. மண்டூர்க்காரர் இன்னும் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். பாதையில் நின்றுகொண்டு 'பாலம் வந்தால் இந்த அழகெல்லாம் போய்விடுமே' என்று மட்டும் வாய்விடாதீர்கள். நான் வாய்வரை கொண்டுபோய் விழுங்கினேன்.

அக்கரையில் மண்டூர் முருகன் கோயில், சின்னக் கதிர்காமம் என்பார்கள். மூலஸ்தானம் திரைக்குப் பின்னால்தான். பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டியிருப்பார். மந்திரச் சத்தம் இல்லாத பூசை. போனை உள்ளே எடுக்காதீர்கள். ஆவணித் திருவிழாக் காலத்தில் போனால் பாதையில் கால் வைக்க இடம் இராது, ஆனால் போகவேண்டிய காலம் அதுதான்.

இனி மலை. மட்டக்களப்பிலிருந்து செங்கலடி போய்ப் பதுளை வீதியில் திரும்பும் பஸ்ஸில், மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாக ஏறலாம். லுணுகலைக்கு அப்புறம் வளைவுகள். வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம், ஒரு பொலித்தீன் பை கையில் இருக்கட்டும். "அங்க இல்லாத மலையா, அங்க இல்லாத ரயிலா, இதுக்கா சுவிஸில இருந்து வாறீங்க?" என்று கேட்ட மாமா, வேனில் பின்தொடர்வதாகப் பயமுறுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் எங்களோடு பஸ்ஸிலேயே வந்தார். வழி முழுக்கச் சீட்டைக் குறைசொன்னார்.

பதுளையில் இரவு தங்கிக் காலை ரயிலைப் பிடியுங்கள். கண்டி, கொழும்பு போகும் மலை ரயில் புறப்படுவதே அங்கேதான். 1924இல் ரயில் பாதை பதுளைவரை வந்தது, அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. வழியில் உள்ள எல்ல என்ற ஊரில் ஏறப் பார்த்தால் வெள்ளைக்காரர் கூட்டத்தில் கால் ஊன்ற முடியாது. பதுளையில் முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுக்கும் ஜன்னல் கிடைக்க வாய்ப்பு உண்டு. முன்பதிவு வேண்டுமென்றால் 30 நாட்களுக்கு முன் திறக்கும், திறந்த கையோடு முடிந்தும்விடும். போயா (பௌர்ணமி) நாளை ஒட்டி வரும் நீண்ட விடுமுறையைத் தவிருங்கள்.

ஏறும்போது கவனிக்க வேண்டியது தெமோதரை. சரிவு தாங்காததால் ரயில் மலையைச் சுற்றி வளைந்து ஏறுகிறது. ஸ்டேசனுக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் புகுந்து, ஒரு வட்டம் போட்டு, அதே சுரங்கத்துக்கு மேலே உள்ள ஸ்டேசனில் வந்து நிற்கும். மகள் இரண்டு பக்க ஜன்னலுக்கும் ஓடினாள். மாமா முதல்தடவையாகச் சீட்டை மறந்து எழும்பி, கதவடியில் நின்றவர்களுக்கெல்லாம் அதை விளக்கினார், தானே கட்டியதுபோல. அப்புறம் 1921இல் முடித்த ஒன்பது வளைவுப் பாலம் வந்தபோது குறட்டை விட்டார். இன்னும் மேலே போனால் பட்டிப்பொல, 1,898 மீற்றர், இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம். ஸ்வெட்டர் வேண்டும். சுவிஸ்காரருக்கும் வேண்டும். நாங்கள் போய்வந்த பிறகு, 2025 நவம்பர் கடைசியில் வந்த தித்வா புயல் மலையக ரயில் பாதையை மோசமாக உடைத்தது. எதுவரை ஓடுகிறது என்று விசாரிக்காமல் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறாதீர்கள்.

மிச்சம் வேன் காசு. மாமாமார் கையில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், கொடுத்த குற்றத்துக்கு இரண்டு நாள் முகம் பார்த்துக் கதைக்கவும் மாட்டார்கள். வேன்காரரிடம் நேரே கொடுத்தால் அதைவிடப் பெரிய அவமானம். மாமியிடம் கொடுங்கள், மண்டூரில் நேர்த்திக்கடன் ஒன்று இருக்கிறது, நீங்களே செய்துவிடுங்கள் என்று சொல்லி. அவ எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைப்பா. காணாது என்றால், அடுத்த நாள் காலை தேத்தண்ணி வைக்கும்போது சீனி முடிந்துவிட்டது என்று உங்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுவா.