இரட்டைக் கர்ப்பத்தில் விமானப் பயணம்: முடிவெடுக்கும் முறை

பயணச்சீட்டு எடுக்கும் முன், புறப்படும் நாளில் மட்டுமன்றித் திரும்பும் நாளிலும் எத்தனையாவது வாரம் நடக்கும் என்று கணக்கிடுங்கள். சிக்கலில்லாத இரட்டைக் கர்ப்பத்துக்குப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் 32 வாரம் வரையே இடமளிக்கின்றன. 28 வாரத்துக்குப் பின் மருத்துவச் சான்றிதழும் கேட்பதுண்டு. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரத்துக்குள் பிறந்துவிடுவதால், இவ்வரம்பு நியாயமானது என்றே கருதுகிறேன்.

அடுத்து, ஸ்கேன் அறிக்கையில் நஞ்சுக்கொடி (பிளசென்டா) ஒன்றா, இரண்டா என்று பாருங்கள். ஒன்றையே இரு குழந்தைகளும் பகிர்ந்துகொண்டால் 16 வாரம் முதல் பொதுவாக இரு வாரத்துக்கொரு முறை ஸ்கேன் தேவைப்படும் என்பதால், அதைத் தவறவிடச் செய்யும் பயணம் வேண்டவே வேண்டாம். இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், கடும் இரத்தசோகை, கருப்பைவாய் நீளக் குறைவு ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் மருத்துவர் சொல்லே முடிவு, சென்னை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பார்த்துக்கொள்பவர்கள் அடுத்த பரிசோதனையிலேயே கேட்டுவிடலாம். செல்லும் ஊரில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு எங்குள்ளது என்பதையும் விசாரியுங்கள்.

பயணம் 4 மணி நேரத்தைத் தாண்டினால், காலில் இரத்தம் உறையாதிருக்க அழுத்தக் காலுறை அணிந்து, தண்ணீர் குடித்து, அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். திருவொற்றியூரிலிருந்து விமான நிலையத்துக்கு நேரடி மெட்ரோ இருக்கும்போது, குலுங்கும் ஆட்டோ எதற்கு?