தூத்துக்குடியில் மீன் சாப்பாடு: முதலில் படகு, பிறகுதான் கடை

தூத்துக்குடிக்கு முதன்முறை போகிறவர்கள் எல்லோரும் "நல்ல மீன் சாப்பாடு எந்தக் கடையில்?" என்றே கேட்கிறார்கள். என்றைக்குப் போகிறீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

படி 1: கிழமையைப் பாருங்கள்

இங்கே விசைப்படகுகள் விடியற்காலை ஐந்து மணிவாக்கில் கிளம்பி, இரவு ஒன்பது மணிவாக்கில் கரை திரும்பும். ஆக, இன்று மதியம் இலைக்கு வருவது பெரும்பாலும் நேற்றிரவு இறங்கிய மீன். ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் பொதுவாகக் கடலுக்குப் போவதில்லை. பலரும் கத்தோலிக்கர்கள், அன்று கோயிலுக்குப் போகும் நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: திங்கள் மதியத்து மீன் சனிக்கிழமை பிடித்ததாகத்தான் இருக்கும். நான் முதலில் போனது ஒரு திங்கட்கிழமை. சக்கை போன்ற துண்டைத் தின்றுவிட்டு ஊரையே திட்டிக்கொண்டு திரும்பினேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் மட்டும் போகும். விலை ஏறியிருக்கும்.

படி 2: கரைக்குப் போய்ப் பாருங்கள்

நாட்டுப்படகுகள் வந்து சேரும் இடம் திரேஸ்புரம். சனிக்கிழமை அங்கே கூட்டம் நெரியும். ஏலம் எடுப்பவர்களின் வழியை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள். நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். எந்த மீன் குவிந்து கிடக்கிறது என்று பார்த்தால் போதும். கடையில் அதைத்தான் கேட்க வேண்டும். பெயர் குழம்பும்: சென்னையில் வஞ்சிரம் என்பதை இங்கே சீலா என்பார்கள், மத்தி இங்கே சாளை.

படி 3: கடைக்காரரிடம் ஒரே கேள்வி

பன்னிரண்டரைக்குப் போய்விடுங்கள், இரண்டு மணிக்கு மேல் குழம்பில் மீன் இருக்காது, வாசனைதான் இருக்கும். உட்காருமுன் "அண்ணாச்சி, இன்றைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். ஒன்றிரண்டு பெயர் சொன்னால் உட்காருங்கள். "எல்லாம் இருக்கிறது" என்றால் எனக்குக் குளிர்பதனப் பெட்டிதான் நினைவுக்கு வரும். நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

படி 4: வறுவலுக்கு முன் விலை

குழம்பு சாப்பாட்டோடு சேர்த்தி, வறுவலுக்குத் தனிக்காசு. தட்டில் அடுக்கிக் காட்டும்போதே துண்டு என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். இதில் கூச்சம் கூடாது. முள்ளுக்குப் பயப்படுகிறவர்கள் நெத்திலியில் தொடங்கலாம், முள்ளோடு மென்றுவிடலாம். சீலா விலை கூடுதல். அந்தக் காசுக்குச் சாளையை வயிறு நிறையத் தின்னலாம் என்பது என் கட்சி.

படி 5: இரவுக்குப் பரோட்டா

இரவில் மீனை மறந்துவிட்டுப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது மக்ரூன் வாங்க மறக்க வேண்டாம்: முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். கடல்காற்று பட்டால் நமத்துவிடும் என்பதால், பையை இறுக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள்.